முழுச்சட்டகக் கமராவும் இரவுக் கூத்தும்: எண்ணிமக் கமரா வடிவமைப்பின் விட்டுக்கொடுப்புகள் பற்றிய ஒரு நோக்கு

மலையகத் தமிழரின் ஆற்றுகைக் கலைகளைப் பதிவு செய்துவைத்தல் வேண்டும் என்னும் உணர்வு அண்மைக் காலத்தில் வலுப்பெற்றுள்ளது. அம்மக்கள் இத்தீவுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைவெய்தியமை 2023 ஆம் ஆண்டில் நினைவுகூரப்பட்டபோது இவ்வுணர்வு பரந்த அளவிற் புலப்பட்டது. காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் முதலியவற்றைப் பதிவு செய்யும் நோக்குடன் கண்டியைச் சூழவுள்ள தோட்டங்களுக்குச் செல்ல விரும்பும் மாணவர் முதலில் எழுப்பும் வினா, "எந்தக் கமரா சிறந்தது?" என்பதாகும். இவ்வினாவுக்கு விற்பனையாளர் தரும் விடையும் பெரும்பாலும் ஒன்றே: முழுச்சட்டகக் கமரா, அதிலும் நிலைப்படம், சலனப்படம் ஆகிய இரண்டையும் ஒருங்கே எடுக்கவல்ல கமரா.

இவ்விடையின் பின்னாலுள்ள தொழினுட்ப உண்மைகளை விளக்குவது இக்கட்டுரையின் முதல் நோக்கமாகும். எந்தக் கமராவும் ஒன்றைப் பெறுவதற்காக இன்னொன்றை விட்டுக்கொடுத்தே உருவாக்கப்படுகின்றது. அவ்விட்டுக்கொடுப்பு எவருடைய தேவையை அளவுகோலாகக் கொண்டு செய்யப்பட்டது என்பதை அறியாது கருவியைத் தெரிபவர், தமது ஆய்வுப் பொருளின் தேவையைக் கருவியின் தேவைக்கு அடிமைப்படுத்துகின்றார் என்பதை எடுத்துக்காட்டுவது இரண்டாவது நோக்கமாகும்.

1. கண்டியிற் கமரா: ஒரு வரலாற்றுக் குறிப்பு

விட்டுக்கொடுப்பு என்பது எண்ணிமக் காலத்திற்கு மட்டும் உரியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜோசப் லோட்டன், சார்ள்ஸ் ஸ்கோவன் ஆகியோர் கண்டியில் ஒளிப்பட நிலையங்களை நடத்தினர். அக்காலத்து ஈரத்தட்டு முறையில், கண்ணாடித் தட்டின் மீது இரசாயனக் கலவையைப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே படமெடுத்து, உடனே கழுவியெடுத்தல் வேண்டும். அத்தட்டுகள் தந்த நுண்விவரம் இன்றும் வியப்பூட்டுவது. ஆயின், அவற்றின் ஒளியுணர்திறன் மிகக் குறைவு. எனவே வில்லையின் துவாரம் பல விநாடிகள் திறந்திருத்தல் வேண்டும். படத்தில் வருபவர் அசையாது நிற்றல் வேண்டும். நுண்விவரத்தைப் பெறுவதற்காக அசைவு முற்றாக விட்டுக்கொடுக்கப்பட்டது.

இதன் சமூக விளைவு கவனிக்கத்தக்கது. மரமும் மலையும் பாழடைந்த கட்டடமும் இம்முறைக்கு இயல்பாகவே பொருந்தின. உழைக்கும் மனிதரோ வேலையை நிறுத்தி நிற்கவைக்கப்பட்ட பின்னரே படத்தினுள் வர முடிந்தது. 1875 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து 1879 இல் திக்கோயாவில் மறைந்த ஜூலியா மார்கரட் கமரன் எடுத்த படங்களிலும் தொழிலாளரும் கிராமத்தவரும் உறைந்த தோற்றத்திலேயே காட்சி தருகின்றனர். அவர்களிற் பலரது பெயர்கள் படங்களோடு வந்து சேரவில்லை. அத்தோற்றத்திற்குப் படமெடுத்தவரின் காலனித்துவப் பார்வை ஒரு காரணம். தட்டின் வேதியியல் மற்றொரு காரணம். இரண்டும் ஒன்றையொன்று வலுப்படுத்தின.

1934 ஆம் ஆண்டில் வெளிவந்த பசில் றைற்றின் 'சோங் ஒவ் சிலோன்' என்னும் ஆவணப்படம் மறுபுறத்திற்கு உதாரணமாகும். கண்டிய நடனத்தின் அசைவு அதிற் சிறப்பாகப் பதிவாகியுள்ளது. ஆயின், ஒலி பின்னர் இங்கிலாந்திற் சேர்க்கப்பட்டது. வால்டர் லீயின் இசையும், கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலின் பகுதிகளை லயனல் வென்ட் வாசிக்கும் குரலும் படத்திற்கு வடிவம் தந்தன. அசைவு கிடைத்தபோது நிகழ்விடத்தின் ஒலி கைநழுவிற்று.

ஆகவே, அசைவு, விவரம், ஒளி, ஒலி ஆகியவற்றில் எதைக் காப்பது, எதை விடுவது என்னும் வினா இப்பிரதேசத்தில் நூற்றைம்பது ஆண்டுகளாகத் தொடர்ந்து வருவதாகும். இன்றைய கமரா அதனைப் புதிய தளத்திற்கு நகர்த்தியிருக்கின்றது.

2. சட்டகத்தின் பரப்பும் ஒளியின் கணக்கும்

'முழுச்சட்டகம்' என்பது 36 மில்லிமீற்றர் அகலமும் 24 மில்லிமீற்றர் உயரமும் கொண்ட பரப்பாகும். சினிமாவுக்கெனச் செய்யப்பட்ட 35 மில்லிமீற்றர்ப் படச்சுருளைக் கிடையாக ஓடவிட்டு, இரண்டு சினிமாச் சட்டகங்களின் இடத்தில் ஒரு நிலைப்படத்தை எடுக்கும் முறையை ஒஸ்கார் பார்னாக் வகுத்தார்; 1925 இற் சந்தைக்கு வந்த லைக்கா கமரா அதனைப் பரப்பிற்று. சலனப்படத்திற்குரிய சுருளிலிருந்து நிலைப்படத்திற்காகப் பெறப்பட்ட இவ்வளவே, பின்னர் எண்ணிம உணரியின் அளவுமாயிற்று. 'முழு' என்னும் அடைமொழி பழைய சுருளின் அளவை மட்டுமே குறிக்கின்றது. நிறைவு என்னும் பொருள் அதற்கில்லை.

இப்பரப்பு 864 சதுர மில்லிமீற்றராகும். அடுத்த நிலையிலுள்ள ஏ.பி.எஸ்-சி வகை உணரி ஏறத்தாழ 23.5 க்கு 15.6 மில்லிமீற்றர் அளவினது. பரப்பு ஏறத்தாழ 367 சதுர மில்லிமீற்றர். அதாவது, முழுச்சட்டக உணரி இதனைவிட ஏறத்தாழ 2.4 மடங்கு பெரியது. கைப்பேசியின் பிரதான உணரியோ பெரும்பாலும் 100 சதுர மில்லிமீற்றருக்கும் குறைவானது.

பரப்பு ஏன் முக்கியமானது? ஒளி போட்டன்கள் என்னும் துணிக்கைகளாக வருகின்றது. அவை மழைத்துளிகள்போல ஒழுங்கற்று விழுகின்றன. ஓரிடத்தில் சராசரியாக 100 போட்டன்கள் விழுமாயின், அவ்வெண்ணிக்கை அதன் வர்க்கமூலமான 10 என்னும் அளவினால் ஏறியிறங்கும். இது பத்து வீதத் தளம்பலாகும். 10,000 போட்டன்கள் விழுமிடத்துத் தளம்பல் 100. அது ஒரு வீதமே. இத்தளம்பலே இருண்ட படங்களில் நாம் காணும் மணற்பரப்புப் போன்ற இரைச்சலுக்குப் பெரும் காரணம். கருவியை எவ்வளவு திருத்தினாலும் இதனை நீக்க முடியாது. ஏனெனில் இது ஒளியின் இயல்பு. கூடுதலான ஒளியைச் சேர்ப்பதே வழி. ஒரே காட்சிக் கோணத்தில், ஒரே எஃப் எண்ணில், ஒரே நேரத்தில் எடுக்கும்போது பெரிய உணரி மொத்தத்திற் கூடிய ஒளியைச் சேர்க்கின்றது. முழுச்சட்டகத்தின் உண்மையான வலிமை இதுவேயாகும்.

ஆயின், இவ்வலிமைக்கு ஒரு நிபந்தனை உண்டு. பெரிய உணரியிற் படத்தின் தெளிவாழம் குறைவு. குவியத்திற்குச் சற்று முன்னும் பின்னும் நிற்பவர் மங்கிவிடுவர். காமன் கூத்தில் இரதி முன்னும் மன்மதன் இரண்டு அடி பின்னும் நின்று ஆடுவதாகக் கொள்வோம். இருவர் முகமும் தெளிவாக வருவதற்கு ஏ.பி.எஸ்-சி கமராவில் எஃப் 2.8 போதுமாயின், முழுச்சட்டகக் கமராவில் ஏறத்தாழ எஃப் 4.2 வரை துவாரத்தைச் சுருக்குதல் வேண்டும். அவ்வாறு சுருக்கியதும், பெரிய பரப்பினாற் கிடைத்த ஒளியின் மேலதிகம் ஏறத்தாழ முழுவதும் அற்றுப்போகின்றது. தனியொருவரின் முகத்தைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டும் மணவிழாப் படத்திற்கும் விளம்பரப் படத்திற்கும் குறைந்த தெளிவாழம் நன்மையாகும். பலர் கூடி நிகழ்த்தும் கூத்தைப் பதிவு செய்பவருக்கு அதுவே தடையாகலாம். முழுச்சட்டகத்தின் புகழ் எந்தப் பயன்பாட்டிலிருந்து எழுந்தது என்பதை இது உணர்த்துகின்றது.

3. படப்புள்ளிகளின் எண்ணிக்கை

ஒரே பரப்பை எத்தனை படப்புள்ளிகளாகப் பிரிப்பது என்பது வடிவமைப்பாளர் எடுக்கும் அடுத்த முடிவாகும். சோனி நிறுவனம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த கமராக்களிலேயே இரு எல்லைகளையும் காட்டியுள்ளது. 2014 இல் வந்த ஏ7எஸ் ஏறத்தாழ 1 கோடி 20 இலட்சம் படப்புள்ளிகளைக் கொண்டது. 2019 இல் வந்த ஏ7ஆர் IV ஏறத்தாழ 6 கோடி 10 இலட்சம் படப்புள்ளிகளைக் கொண்டது. முன்னையதில் ஒரு புள்ளியின் பக்கம் ஏறத்தாழ 8.4 மைக்ரோமீற்றர், பின்னையதில் ஏறத்தாழ 3.8 மைக்ரோமீற்றர். பரப்பில் ஐந்து மடங்கு வித்தியாசம்.

பெரிய புள்ளி கூடிய ஒளியைப் பெறுவதால் இருளில் அது எப்போதும் சிறந்தது என்று பொதுவாகக் கூறப்படுவதுண்டு. இக்கூற்று பாதி உண்மையே. இரு படங்களையும் ஒரே அளவிற்குச் சுருக்கி அருகருகே வைத்தால், சிறிய புள்ளிகள் ஐந்தின் ஒளி ஒன்றாகக் கூட்டப்படுகின்றது. வித்தியாசம் பெரிதும் மறைகின்றது. எஞ்சுவது, ஒவ்வொரு புள்ளியையும் வாசிக்கும்போது மின்சுற்று சேர்க்கும் சிறு இரைச்சலாகும். அது மிக ஆழ்ந்த இருளில் மட்டுமே பெரிதாகத் தோன்றும். ஆகவே நிலைப்படம் எடுப்பவர் படப்புள்ளிகள் கூடிய உணரியினால் இழப்பது சிறிது, பெறுவது பெரிது. ஓர் ஓலைச்சுவடியையோ, தோட்டப் பதிவேட்டையோ, கூத்தரின் முடியிலுள்ள வேலைப்பாட்டையோ படமெடுப்பதற்கு அவ்வகை உணரியே உகந்தது.

சலனப்படத்தில் நிலைமை மாறுகின்றது. 4கே எனப்படும் சலனப்படச் சட்டகத்திற்கு 3840 க்கு 2160, அதாவது ஏறத்தாழ 83 இலட்சம் புள்ளிகளே தேவை. மூன்றுக்கு இரண்டு என்னும் விகிதமுடைய உணரிக்கு ஏறத்தாழ 1 கோடி புள்ளிகள் போதும். ஏ7எஸ் கமராவின் எண்ணிக்கை இக்கணக்கிலிருந்தே வந்தது எனலாம். மேலதிகமான புள்ளிகள் அனைத்தையும் ஒவ்வொரு விநாடியும் 25 தடவை வாசித்து, கணித்து, சுருக்குதல் வேண்டும். அல்லது சில வரிகளைத் தாண்டி வாசித்தல் வேண்டும். 2008 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டு, முழுச்சட்டக ஒளிப்படக் கமராவில் முதன்முதலாக உயர்தரச் சலனப்படத்தைத் தந்த கனன் 5டி மார்க் II, 2 கோடி 10 இலட்சம் புள்ளிகளை அவ்வாறே தாண்டி வாசித்தது. அதன் விளைவாக, பட்டுச் சேலையின் இழைகள் போன்ற நெருங்கிய கோலங்களின் மீது இல்லாத வண்ண அலைகள் தோன்றின.

இதனைத் தடுப்பதற்கு உணரியின் முன்னால் படத்தை மிகச் சிறிதளவு மங்கச் செய்யும் வடிகட்டி ஒன்றை வைப்பதுண்டு. மங்கச் செய்தால் நிலைப்படத்தின் கூர்மை குறையும்; செய்யாதுவிட்டால் அலைகள் தோன்றும். 2012 இல் நிக்கன் நிறுவனம் டி800, டி800ஈ என ஒரே கமராவை இரு வடிவங்களில் வெளியிட்டது. ஒன்றில் வடிகட்டியின் செயல் இருந்தது. மற்றொன்றில் அது நீக்கப்பட்டிருந்தது. தெரிவு வாங்குபவரிடம் விடப்பட்டது.

4. வாசிப்பு வேகமும் ஷட்டர் நேரமும்

பெரும்பாலான உணரிகள் முழுப்படத்தையும் ஒரே கணத்தில் வாசிப்பதில்லை. மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிக்கின்றன. வாசிப்பு முடிவதற்குள் நடிகர் நகர்ந்துவிட்டால் அவர் உருவம் சரிந்து தோன்றும். சுழலும் தீப்பந்தம் வளைந்து நெளியும். எசல பெரஹராவில் தீவளையங்களைச் சுழற்றுவோரையும், வேகமாக அடிக்கப்படும் தப்பின் குச்சியையும் எடுக்கும்போது இக்குறை வெளிப்படும். புள்ளிகள் கூடுமிடத்து வாசிக்க வேண்டிய வரிகளும் கூடுகின்றன. ஏ7ஆர் IV தன் முழு உணரியையும் வாசித்து முடிக்க ஏறத்தாழ 1/15 விநாடி எடுக்கின்றது. நடனத்தைப் பொறுத்தவரை இது நீண்ட நேரமாகும்.

இதற்கு மாற்றாக, ஒளிபெறும் படையின் கீழே நினைவகப் படையை அடுக்கிய உணரிகள் வந்தன. 2017 இன் சோனி ஏ9, 2021 இன் நிக்கன் இசட்9 ஆகியன இவ்வகையின. இசட்9 இல் வாசிப்பு மிக விரைவாக நிகழ்வதனால் பொறிமுறை ஷட்டரே நீக்கப்பட்டுவிட்டது. இங்கு விட்டுக்கொடுக்கப்பட்டது விலையாகும். 2023 இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 III, முழுச்சட்டகத்தில் முதன்முதலாக எல்லாப் புள்ளிகளையும் ஒரே கணத்தில் பதிவு செய்தது; சரிவு முற்றாக ஒழிந்தது. ஆயின், பெற்ற ஒளியைத் தேக்கி வைப்பதற்கும் ஒவ்வொரு புள்ளியினுள்ளும் இடம் ஒதுக்க வேண்டியதாயிற்று. அதனால் அதன் அடிப்படை உணர்திறன் ஐ.எஸ்.ஓ. 250 இலிருந்தே தொடங்குகின்றது. இருளுக்கும் ஒளிக்கும் இடையே அது தாங்கும் வீச்சும் சற்றுக் குறைகின்றது. மன்மத தகனக் காட்சியில் ஒரே சட்டகத்தினுள் எரியும் நெருப்பும் இருளில் நிற்கும் பார்வையாளரும் வருவர். அங்கு இவ்வீச்சே பெரிதும் வேண்டப்படுவது.

கருவியின் எத்திருத்தத்தாலும் தீராத முரண்பாடு ஷட்டர் நேரத்தில் உள்ளது. சலனப்படத்தில் அசைவு இயல்பாகத் தோன்றுவதற்கு, விநாடிக்கு 25 சட்டகங்கள் எடுக்கும்போது ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1/50 விநாடி ஒளிபெறுவது வழக்கம். அந்நேரத்திற் குதிக்கும் நடிகரின் கால் சிறிது கலங்கும். அக்கலக்கமே கண்ணுக்குத் தொடர்ச்சியைத் தருகின்றது. நிலைப்படத்திற்கோ அதே குதிப்பை நிறுத்திக் காட்ட 1/500 விநாடி வேண்டும். அதாவது, கிடைக்கும் ஒளி பத்தில் ஒன்றாகின்றது. சலனப்படத்திலிருந்து ஒரு சட்டகத்தை வெட்டியெடுத்து நூலின் அட்டைப்படமாக்கலாம் என்னும் எண்ணம் பெரும்பாலும் பொய்த்துப்போவதற்கு இதுவே காரணம்.

மின்விளக்கும் இம்முரண்பாட்டைக் கூர்மையாக்குகின்றது. இலங்கையின் மின்னோட்டம் விநாடிக்கு 50 சுற்றுகள் உடையது. ஆகவே பல மின்விளக்குகளின் ஒளி விநாடிக்கு 100 தடவை ஏறியிறங்குகின்றது. 1/50 அல்லது 1/100 விநாடி திறந்திருக்கும் ஷட்டர் முழு அலைகளையே பெறுவதால் ஒளி சீராக இருக்கும். 1/500 விநாடியில் அலையின் ஒரு துண்டே அகப்படுகின்றது. வரிவரியான வாசிப்பும் சேரும்போது படத்தின் குறுக்கே இருண்ட பட்டைகள் தோன்றுகின்றன. ஆகவே, இத்தகைய விளக்கொளியில் சலனப்படத்திற்கு உகந்த நேரம் நிலைப்படத்திற்கு ஆகாது. நிலைப்படத்திற்கு உகந்தது சலனப்படத்திற்கு ஆகாது.

5. வெப்பமும் ஈரமும்

இரண்டு கோடியே நாற்பது இலட்சம் புள்ளிகளை, புள்ளியொன்றுக்கு 14 பிற் வீதம், விநாடிக்கு 30 தடவை வாசித்தால் விநாடியொன்றுக்கு ஏறத்தாழ 1000 கோடி பிற்றுகள் கிடைக்கின்றன. இவற்றைக் கணித்துச் சுருக்கும் செயல் வெப்பத்தைத் தருகின்றது. நிலைப்படக் கமரா கணப்பொழுது உழைத்து நெடுநேரம் ஓய்வதாகக் கருதியே உருவாக்கப்பட்டது. சலனப்படமோ இடையறாத உழைப்பை வேண்டுகின்றது. அத்தோடு, கை நடுக்கத்தை ஈடுசெய்வதற்காக உணரி காந்த விசையில் மிதக்கவிடப்படும்போது, அது கமராவின் உலோக உடலுடன் உறுதியாகப் பொருந்துவதில்லை. அதனால் வெப்பம் வெளியேறும் வழியும் சுருங்குகின்றது.

2020 இல் வந்த கனன் ஆர்5 இவ்விடயத்தில் நல்ல உதாரணமாகும். ஏறத்தாழ 4 கோடி 50 இலட்சம் புள்ளிகளும் 8கே சலனப்படமும் உணரி உறுதிப்பாடும் 738 கிராம் எடையுள்ள மூடிய உடலினுள் அடக்கப்பட்டன. 8கே பதிவு ஏறத்தாழ 20 நிமிடங்களுக்கு மட்டுப்பட்டது. 2022 இல் அதன் சகோதரக் கமராவான ஆர்5 சி விசிறியுடன் வந்தது. பதிவு நேரம் நீண்டது, ஆனால் உணரி உறுதிப்பாடு கைவிடப்பட்டது. 2019 இன் பனசொனிக் எஸ்1எச் விசிறியையும் உறுதிப்பாட்டையும் ஒருங்கே கொண்டிருந்தது. அதன் எடை ஒரு கிலோகிராமைத் தாண்டிற்று. நேரம், உறுதி, எடை ஆகிய மூன்றில் ஒன்று ஒவ்வொரு கமராவிலும் விலையாகச் செலுத்தப்பட்டுள்ளமை இதனாற் புலனாகும்.

மலைநாட்டில் இதனோடு ஈரப்பதனையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். கண்டிப் பிரதேசத்தின் மழையும் பனிமூட்டமும் மூடிய உடலையே வேண்டுகின்றன. நீண்டகாலம் ஈரத்தில் வைக்கப்படும் வில்லைகளில் பூஞ்சணம் பற்றுவது இங்கு பலரும் கண்ட அனுபவம். சிலிக்கா ஜெல் இட்ட, காற்றுப்புகாத பெட்டியில் வைத்துப் பேணுவது எளிய பரிகாரம். கமராவின் விலைப்பட்டியலில் இடம்பெறாத இச்செலவையும் பதிவுத் திட்டம் ஒன்று கணக்கிற் கொள்ளுதல் வேண்டும்.

6. பொறியியலுக்கு அப்பாற்பட்ட வரம்புகள்

கமராவின் வரம்புகள் யாவும் இயற்கை விதிகளிலிருந்து பிறப்பதில்லை. பல ஆண்டுகளாக ஒளிப்படக் கமராக்களிற் சலனப்படப் பதிவு 29 நிமிடம் 59 விநாடியில் நின்றுவிடும். வெப்பம் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாமாயினும், முதன்மைக் காரணம் ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க வகைப்பாடாகும். ஒரே பதிவாக 30 நிமிடமோ அதற்கு மேலோ எடுக்கவல்ல கருவி வீடியோக் கமரா என வகுக்கப்பட்டு, கூடுதலான தீர்வைக்கு உட்பட்டது. ஐரோப்பியச் சந்தையின் தீர்வைக்காக இடப்பட்ட அவ்வெல்லை, மலையகத்துத் தோட்டமொன்றில் இரவிரவாக நிகழும் கூத்தின் பாடலொன்றை நடுவில் துண்டிக்கவும் கூடியதாயிற்று. அண்மைக் காலத்துக் கமராக்கள் பலவற்றில் இவ்வரம்பு இல்லை. ஆயினும், பழைய கமராவை வாங்குபவர் இதனை விசாரித்தறிதல் நன்று.

நிறமும் இத்தகையதே. படச்சுருள் காலத்தில் அச்சிடும் நிலையங்களுக்கு வழங்கப்பட்ட வண்ண ஒப்பீட்டு அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளை இனப் பெண்களின் முகங்களே இருந்தன. அம்முகத்தின் நிறம் சரியாக வந்தால் படம் சரி எனக் கொள்ளப்பட்டது. சலனப்படக் கமராக்களில் ஒளியளவைக் காட்டும் வரிக்குறியை, முகத்தின் ஒளிர்ந்த பகுதிக்கு 70 வீதத்தில் வைக்கும் மரபும் வெளிறிய தோலையே அளவாகக் கொண்டது. கரிய முகத்தையுடைய கூத்தரை அவ்வளவுக்கு உயர்த்தினால், அரிதாரத்தின் நிறமும் முகத்தின் இயல்பும் கெடும். பின்னாலுள்ள தீப்பந்தம் வெண்புள்ளியாக வெந்துபோகும். கமராவின் தானியங்கு ஒளியளவும், இரவின் கரும்பின்னணியைக் கண்டு, காட்சியைத் தேவைக்கு மேல் வெளிறச் செய்ய முனைகின்றது. ஆகவே ஒளியளவைக் கையாற் கட்டுப்படுத்தல் இங்கு இன்றியமையாதது. நெருப்பொளியில் நீலக் கூறு மிகக் குறைவாதலின், அந்நிறத்திலேயே இரைச்சல் முதலிலே தலைகாட்டும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

7. தெரிவுக்கான அளவுகோல்

பேராதனையிற் கூத்து ஆய்வு பற்றிப் பேசுவோர் பேராசிரியர் சு. வித்தியானந்தனின் 1960 களின் முயற்சிகளை மறவார். வட்டக்களரியில் இரவிரவாக ஆடப்பட்ட கூத்து, அப்போது நேரத்திற் சுருக்கப்பட்டுப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவரப்பட்டது. அதனாற் கூத்து பல்கலைக்கழக அரங்கிலும் நகரத்து மேடையிலும் மதிப்புப் பெற்றது. வட்டக்களரியின் சுற்றிநின்று பார்க்கும் உறவு குறைந்தது. அது அறிந்து செய்யப்பட்ட விட்டுக்கொடுப்பு. கமராவும் ஒரு படச்சட்ட மேடையே. எவ்விடத்தில் அதனை நிறுத்துகிறோம், எவ்வளவு நேரம் ஓடவிடுகிறோம், எதனைச் சட்டகத்திற்கு வெளியே விடுகிறோம் என்பவற்றை நாமும் அறிந்தே செய்தல் வேண்டும்.

காமன் பொட்டலில் நிகழும் கூத்தின் பதிவுக்கு இதுவரை கூறியவற்றைப் பொருத்திப் பார்ப்போம். அங்கு முதலில் வேண்டப்படுவது தொடர்ச்சி, அடுத்தது ஒலி, அதற்கடுத்தது இருளிலும் முகங்கள் தெரியும் ஒளி. மிகை நுண்விவரம் இறுதியிலேயே வருகின்றது. விநாடிக்கு 100 மெகாபிற் வேகத்தில் எடுக்கப்படும் 4கே பதிவு மணிக்கு 45 கிகாபைற் இடத்தைக் கொள்ளும். ஆறு மணி நேரக் கூத்துக்கு 270 கிகாபைற். விநாடிக்கு 400 மெகாபிற் வேகத்து 8கே பதிவாயின் அது 1080 கிகாபைற்றாகும். காப்பகப்படுத்தலுக்குக் குறைந்தது இரு பிரதிகளேனும் வேண்டும். பேண முடியாத அளவிற் பதிவு செய்வது பதிவு செய்யாது விடுவதற்கு ஒப்பாகக்கூடும்.

எனவே, நிலைப்படமும் சலனப்படமும் ஒருங்கே எடுக்கும் விலையுயர்ந்த ஒரு கமராவினும், தொழிலைப் பகிர்ந்துகொள்ளும் எளிய இரண்டு கமராக்கள் இப்பணிக்கு ஏற்றவை என்பது எமது முடிபாகும். ஒன்று முக்காலியில் நிலையாக நின்று, களம் முழுவதையும் பார்வையாளரோடு சேர்த்து, விநாடிக்கு 25 சட்டகங்களில், வெளி மின்வலுவுடன் இடையறாது ஓடுவதாக அமையட்டும். அதற்கு வெப்பம் தாங்கும் உடலும் விரைந்த வாசிப்புமே முக்கியம். பெரிய தெளிவாழம் தேவைப்படும் இடமாகையால் உணரி முழுச்சட்டகமாக இருத்தல் கட்டாயமன்று. மற்றையது நிலைப்படத்திற்குரியது. முகபாவம், ஒப்பனை, தனிநடிகரின் அசைவு ஆகியவற்றுக்கு முழுச்சட்டகத்தின் ஒளிசேர்க்கும் ஆற்றல் உண்மையிற் பயன்படுவது இங்கேயே. பழைய முழுச்சட்டகக் கமரா ஒன்றும், எஃப் 1.8 துவாரமுடைய எளிய வில்லை ஒன்றும் இதற்குப் போதும். தப்பின் ஒலியையும் இரதியின் புலம்பலையும் தனி ஒலிப்பதிவுக் கருவி ஏற்கட்டும். எஞ்சும் பணத்தைச் சேமிப்புத் தட்டுகளுக்கும் போக்குவரத்துக்கும் கூத்தருக்கான பிரதிகளுக்கும் செலவிடலாம்.

இறுதியிற் கூறியது சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படங்களில் நின்ற தொழிலாளருக்கு, எதனைக் காப்பது, எதனை விடுவது என்னும் முடிவிற் பங்கிருக்கவில்லை. இன்று கூத்தரிடமும் அண்ணாவியாரிடமும் முன்கூட்டிச் சென்று, எப்பகுதி முக்கியமானது, எங்கு நின்றால் ஆட்டத்திற்கு இடையூறில்லை, எதனைப் படமெடுத்தல் தகாது எனக் கேட்டறிய முடியும். நடிப்போரின் பெயர்களையும் தோட்டத்தின் பெயரையும் அவர்கள் இசைவுடன் பதிவோடு இணைக்க முடியும். கமரா வடிவமைப்பாளர் தமது மேசையில் எடுத்த முடிவுகளை நாம் மாற்றவியலாது. அம்முடிவுகளிடையே எதனைத் தெரிவது என்பதைக் கூத்தின் தேவையையும் கூத்தரின் விருப்பையும் கொண்டு தீர்மானிப்பது நம்மால் இயலும்; அத்தீர்மானத்தைக் கடைக்குச் செல்லுமுன், தோட்டத்திற்குச் சென்றே எடுத்தல் வேண்டும்.